பி.டி. வாத்தியார்களுக்கெல்லாம் வாத்தியார்!

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜகிரி மலையடிவாரத்தில் முதலில் தேடுவது கல்யாண மகாலைத்தான். கூம்பு முடியோடு நிற்கும் அந்தக் கட்டடத்தின் முன்னால் ஒரு செல்ஃபி, தானியக் களஞ்சியத்துக்குள் ஒரு எட்டிப்பார்வை, அப்புறம் மலையேற்றம். களஞ்சியம் இருக்கும் அதே பகுதியில் இன்னொரு கட்டடமும் உண்டு. அது உடற்பயிற்சிக் கூடம். பெரும்பாலானவர்கள் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

ஆனால், கோட்டையின் உயிர் அங்கேதான் இருந்தது. சுமார் 800 அடி உயர ராஜகிரி, அதோடு இன்னும் இரண்டு மலைகள், மூன்றையும் வளைத்து ஓடும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதில்... இதையெல்லாம் காவல் காக்க வேண்டுமானால் ஆளுக்கு உடம்பு வேண்டாமா? 1677-ல் செஞ்சியைப் பிடித்த சிவாஜி, 1698 வரை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்ட மொகலாயர்கள், 1714-ல் குதிரையேறிப் போரிட்டு மடிந்த ராஜா தேசிங்கு, பின்னர் வந்த பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள் என எல்லோருக்கும் உடற்பயிற்சி என்றால் ஒரே பொருள்தான்: போர்.

அதே செஞ்சியில் இன்று ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை எந்தப் போருக்கும் போகப் போவதில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையின் டைம் டேபிளில் ‘பி.டி.’ என்று இரண்டு எழுத்து இருக்கிறது. கழுத்தில் விசிலோடு ஒரு ஆசிரியர் வருகிறார். மைதானத்தில் கோடு போடுகிறார். ‘ரெண்டு டீமா பிரிங்கப்பா’ என்கிறார்.

படைவீரர்களுக்கு மட்டும் என்றிருந்த பயிற்சி, சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூட மைதானத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? அந்தக் கதையில் பலருக்கும் பங்கு உண்டு. அதிகப் பங்கு யாருக்கு என்று கேட்டால், சென்னையில் 24 ஆண்டுகள் உழைத்த ஒரு அமெரிக்கக் கோச்சைத்தான் கைகாட்ட வேண்டும். அவர் பெயர் ஹாரி குரோ பக்.

ஒரே கோச்... எல்லா ஆட்டமும்!

பக் பிறந்தது 1884-ல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில். அவரைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அங்கே கல்லூரிக் கோச் என்றால் ஒரே ஆட்டத்தோடு நிற்பவர் அல்ல. இலையுதிர் காலத்தில் ஃபுட்பால் அணிக்குப் பயிற்சி கொடுப்பவரே, வசந்த காலம் வந்ததும் பேஸ்பால் அணிக்கும் கோச். (அவர்களின் ஃபுட்பால் நம்முடைய கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம்.) அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்பவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1892 முதல் 41 சீஸன்கள் ஃபுட்பால் கோச்சாக இருந்தார். பேஸ்பால் அணியையும் பல ஆண்டுகள் அவரே கவனித்துக்கொண்டார். பருவத்துக்குப் பருவம் ஆட்டம் மாறும், கோச் மாறமாட்டார்.

அந்த ஸ்டாக் உருவான இடம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி. அவரோடு அங்கே ஃபுட்பால் ஆடியவர் ஜேம்ஸ் நைஸ்மித். குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாமல் முரண்டு பிடித்த மாணவர்களுக்காக, 1891 டிசம்பரில் அந்த நைஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளைப் பால்கனியில் மாட்டி, 13 விதிகளை எழுதி ஒரு புது ஆட்டத்தைத் தொடங்கினார். அதுதான் பேஸ்கெட்பால். அதே கல்லூரியில் படித்த வில்லியம் மார்கன், 1895-ல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில் உருவாக்கியது வாலிபால்.

ஆட்டம் இல்லையென்றால் ஆட்டத்தை உண்டாக்கு. இடம் இல்லையென்றால் இடத்துக்கு ஏற்றபடி ஆட்டத்தை மாற்று. ஸ்பிரிங்ஃபீல்டின் பாடம் இதுதான். உடல், மனம், ஆன்மா மூன்றும் சேர்ந்து வளர வேண்டும் என்பதற்காக அங்கே ஒரு முக்கோணத்தையே சின்னமாக வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளியின் வார்ப்பு, பக்.

டிரில் மாஸ்டர் காலம்

1919-ல் பக் சென்னைக்கு வந்து சேர்ந்தார். சென்னை ஒய்.எம்.சி.ஏ. அதற்கு முன்பே, 1890-ல் தொடங்கப்பட்டிருந்தது.

அப்போது நம் பள்ளிகளில் விளையாட்டு எப்படி இருந்தது? உங்கள் தாத்தா காலத்துக்காரர்கள் யாராவது ‘டிரில் மாஸ்டர்’ என்ற வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது அணிவகுப்பு. பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார்கள். ‘அட்டென்ஷன்’ என்பார்கள். கை மேலே, கை கீழே, இடது, வலது. ஆட்டம் கிடையாது, சிரிப்பு கிடையாது. தப்பு செய்தால் பிரம்படி உண்டு.

இன்னொரு பக்கம், பெரிய கல்லூரிகளில் கிரிக்கெட், ஹாக்கி, டென்னிஸ் ஆடினார்கள். மட்டையும் வலையும் புல்தரையும் வாங்க வசதி உள்ளவர்களுக்கு அது சரி. கிராமத்துப் பிள்ளைகளுக்கு? தெருவில் சடுகுடு, கிளித்தட்டு, கில்லி எல்லாம் கொடிகட்டிப் பறந்தன. ஆனால், பள்ளிக்கூடத்தின் கண்ணுக்கு அவை விளையாட்டாகவே தெரியவில்லை. அவை ‘வெட்டி வேலை’.

இதையெல்லாம் பார்த்த ஒரு கோச் என்ன செய்திருக்கலாம்? ஒரு நல்ல அணியைத் திரட்டி, பயிற்சி கொடுத்து, கோப்பைகளை வாங்கிக் குவித்திருக்கலாம். பெயரும் கிடைத்திருக்கும். பக் வேறு வழியில் போனார். ஒரு கோச்சால் ஒரு அணியைத்தான் உருவாக்க முடியும். கோச்சுகளை உருவாக்கினால் ஊருக்கு ஒரு அணி கிடைக்கும் என்ற கணக்கு அது.

1920: ஒரு பள்ளி பிறந்தது

1920-ல் சென்னை எஸ்பிளனேடில், உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியை ஒய்.எம்.சி.ஏ. சார்பில் பக் தொடங்கினார். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு ஆரம்பித்த அந்தப் பள்ளிதான் இன்றைய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. ஆசியாவிலேயே இந்தத் துறைக்காகத் தொடங்கப்பட்ட முதல் கல்லூரி என்ற பெருமை அதற்கு உண்டு. பிறகு 1930-களில் சைதாப்பேட்டைப் பக்கம், அடையாற்றங்கரையின் விசாலமான வளாகத்துக்கு அது இடம் மாறியது.

அந்த வளாகம் உங்களுக்குத் தெரியாத இடமில்லை. சென்னைப் புத்தகக் காட்சிக்காக நீங்கள் போய் வந்திருக்கும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம்தான் அது! புத்தகப் பையோடு நாம் நடந்த அந்த மண்ணில்தான் ஒரு நூற்றாண்டுக்குப் பக்கமாக பி.டி. ஆசிரியர்கள் ஓடியும் குதித்தும் பாடம் படித்திருக்கிறார்கள்.

விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு கல்லூரியா, படிப்பா என்று இப்போதும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன செய்வது? பத்து வயதுப் பிள்ளையின் எலும்புக்கு எவ்வளவு பளு தாங்கும்? அறுபது பிள்ளைகளும் ஒரே ஒரு பந்தும் இருந்தால், யாரும் சும்மா நிற்காமல் நாற்பது நிமிடத்தை ஓட்டுவது எப்படி? உடற்கூறு, முதலுதவி, ஆட்ட விதிகள், கற்பிக்கும் முறை என இவை எல்லாம் தெரிந்தவர்தான் உடற்கல்வி ஆசிரியர். டிரில் மாஸ்டரிடமிருந்து அவரை வேறுபடுத்துவது இந்தப் படிப்புதான்.

சடுகுடுவுக்கும் ஓர் இடம்

பக் வெளிநாட்டு ஆட்டங்களை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தால், அவர் பெயர் என்றோ மறந்துபோயிருக்கும். இந்த மண்ணில் என்ன இருக்கிறது என்றும் அவர் பார்த்தார். தண்டால், பஸ்கி போன்ற நம் நாட்டுப் பயிற்சிகள் அவருடைய பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. இந்திய ஆட்டங்கள் உள்படப் பல விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். கல்லூரியிலிருந்து ஓர் உடற்கல்வி இதழ் வந்தது. அதன் பெயர் ஆங்கிலத்தில் இல்லை. ‘வியாயாம்’! உடற்பயிற்சி என்பதற்கான பழைய இந்தியச் சொல் அது.

விதியை எழுதிவைப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால், ஒரு தெரு ஆட்டம் ஊர்விட்டு ஊர் போவதற்கு அதுதான் பாஸ்போர்ட். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதமாக ஆடப்படும் சடுகுடுவுக்குப் பொது விதி இருந்தால்தானே செஞ்சிப் பிள்ளைகளும் திருநெல்வேலிப் பிள்ளைகளும் ஒரே களத்தில் மோத முடியும்?

இந்த வேலையில் பக் தனி ஆளும் அல்ல. மகாராஷ்டிராவின் அமராவதியில் 1914-லேயே தொடங்கப்பட்ட ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல், நம் நாட்டு ஆட்டங்களை வளர்த்துக்கொண்டிருந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸின்போது கபடியை ஆடிக் காட்டியதும் அந்த அமைப்புதான்.

எந்த ஆட்டம் இங்கே வேரூன்றியது என்று பார்த்தாலும் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்கர்களின் உயிரான பேஸ்பால் நம் கிராமங்களுக்குள் நுழையவில்லை. அதற்குப் பெரிய மைதானம், மட்டை, ஆளுக்கொரு கையுறை எல்லாம் வேண்டும். வாலிபால் நுழைந்துவிட்டது. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலத்தில் ஒரு காலி இடம், இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும். கபடிக்கு அதுவும் வேண்டாம். 13 மீட்டருக்கு 10 மீட்டரில் ஒரு களம், கோடு போடக் கொஞ்சம் சுண்ணாம்பு. அறுவடை முடிந்த வயலே ஆடுகளம்!

பாரீஸுக்குப் போன கோச்

பக்கின் வாழ்க்கையில் பெரிய மேடை என்றால் அது 1924 பாரீஸ் ஒலிம்பிக்ஸ்தான்.

அதற்கு முந்தைய 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸுக்கு, தொழிலதிபர் தோராப்ஜி டாடாவின் முயற்சியால் நான்கு தடகள வீரர்களும் இரண்டு மல்யுத்த வீரர்களும் போய் வந்திருந்தார்கள். அடுத்த முறை முறைப்படி ஆள் தேர்வு செய்ய வேண்டும் என்று முடிவானது. 1924 பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்தியப் போட்டிகள் நடந்தன. அதில் தேர்வான தடகள வீரர்களுக்குப் பொறுப்பாளராகப் பாரீஸுக்குப் போனவர் ஹாரி பக்.

அந்த அணியில் நம் சென்னை மாகாணத்துக்காரர் ஒருவரும் இருந்தார். கண்ணூரைச் சேர்ந்த சி.கே.லட்சுமணன், 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். பின்னாளில் டாக்டராகி, நாட்டின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தவர் அவர். நீளம் தாண்டுதலில் பஞ்சாபின் தலிப் சிங் களம் இறங்கினார்.

பதக்கம்? ஒன்றுகூட இல்லை.

இன்றைய கணக்கில் அதைத் ‘தோல்வி’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால், அந்தப் பயணம் வேறொன்றைச் சாதித்தது. தேர்வுப் போட்டி நடத்துவது, மாகாணம்தோறும் விளையாட்டுச் சங்கங்களை அமைப்பது, அணியை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவது என ஒரு நாட்டின் விளையாட்டு நிர்வாகம் என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தது. 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் முறைப்படி அமைந்தது. தோராப்ஜி டாடா அதன் தலைவர். அந்த இயக்கத்தைத் தொடக்கத்தில் தோள்கொடுத்து வளர்த்தவர்களின் வரிசையில் பக்கின் பெயரும், ஒய்.எம்.சி.ஏ.-வைச் சேர்ந்த இன்னொரு உடற்கல்வி இயக்குநரான நோரனின் பெயரும் இருக்கின்றன. அடுத்த ஆண்டே, 1928 ஆம்ஸ்டர்டாமில், ஹாக்கியில் இந்தியாவுக்கு முதல் தங்கம் கிடைத்தது.

ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கு

பாரீஸிலிருந்து திரும்பிய பக், மறுபடியும் தன் மாணவர்களிடமே வந்தார். 1943-ல் மறையும்வரை அந்தக் கல்லூரியின் முதல்வர் அவர்தான். மனைவி மேரி பக்கும் கல்லூரிப் பணியில் துணை நின்றார்.

அவர் போட்ட விதை எங்கெல்லாம் முளைத்தது என்பதற்கு ஓர் உதாரணம், பி.எம்.ஜோசப். பக்கின் கல்லூரியில் பயின்ற அவர், மும்பையின் காந்திவலியில் தொடங்கப்பட்ட உடற்கல்விப் பயிற்சி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பிறகு, 1957-ல் குவாலியரில் மத்திய அரசு லட்சுமிபாய் பெயரில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது அதன் முதல் முதல்வரானதும் அவரே. சென்னையில் ஏற்றிய விளக்கிலிருந்து மும்பைக்கு ஒன்று, குவாலியருக்கு ஒன்று.

தமிழ்நாட்டில் 2004-ல் சட்டம் இயற்றி, உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே தனிப் பல்கலைக்கழகத்தை உருவாக்கினார்கள். பக்கின் கல்லூரி இன்று அதனோடுதான் இணைந்திருக்கிறது. பக் நினைவுப் போட்டிகள் அவர் பெயரை இளைஞர்களிடம் கொண்டுசேர்க்கின்றன.

விசிலுக்கு வந்த சோதனை

இவ்வளவு பேர் பாடுபட்டு வாங்கிக் கொடுத்த பி.டி. பீரியடை நாம் எப்படி வைத்திருக்கிறோம்?

‘போர்ஷன் முடியலை, பி.டி. பீரியடை எனக்குக் கொடுத்துடுங்க சார்’ என்று கணக்கு ஆசிரியர் கேட்பதும், பி.டி. ஆசிரியர் மறுக்க முடியாமல் கொடுப்பதும் எந்த ஊரிலும் நடப்பதுதான். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால், சில இடங்களில் மைதானத்தின் பக்கமே பிள்ளைகள் போக முடிவதில்லை. பெண் பிள்ளைகள் என்றால் இன்னும் முன்கூட்டியே, ஏழு எட்டாம் வகுப்பிலேயே, ‘ஓரமா உட்கார்ந்து பேசிட்டு இருங்க’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஆசிரியர்களின் நிலைமையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2012-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை போன்ற பாடங்களுக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பின்னர் படிப்படியாகச் சம்பளம் உயர்ந்தது. ஆனால், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வீதிக்கு வந்து போராடிக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் திடமாக நிற்கக் கற்றுக்கொடுக்க வேண்டியவர், தன் வேலை நிற்குமா என்று தெரியாமல் நின்றால் எப்படி?

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பள்ளி, டியூஷன், ஹோம்வொர்க், மொபைல் என்று ஓடும் நாளில் அந்த 60 நிமிடம் எங்கே இருக்கிறது? பல பிள்ளைகளுக்கு பி.டி. பீரியட் மட்டும்தான் மிச்சம். அதையும் பிடுங்கிக்கொண்டால்?

பெற்றோர் என்ன செய்யலாம்?

* பிள்ளையின் டைம் டேபிளில் வாரத்துக்கு எத்தனை பி.டி. பீரியட் என்று பாருங்கள். அதில் எத்தனை உண்மையில் நடக்கிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

* பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது கணக்கு, அறிவியல் ஆசிரியர்களோடு பி.டி. ஆசிரியரையும் பாருங்கள். உங்கள் பிள்ளை கூட்டத்தில் ஒதுங்கி நிற்கிறதா, முன்னால் வருகிறதா, தோற்றால் அழுகிறதா என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

* நல்ல பி.டி. வகுப்பை அடையாளம் காண்பது சுலபம். தொடக்கத்தில் உடலைச் சூடேற்றும் பயிற்சி இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டுமல்லாமல் எல்லோரும் ஆடுவார்கள். குடிக்கத் தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் பக்கத்தில் இருக்கும். பெண் பிள்ளைகளுக்கும் அதே மைதானம், அதே நேரம்.

* மைதானத்தில் ஓடுவதைத் தண்டனையாகப் பயன்படுத்தினால், அது டிரில் மாஸ்டர் காலத்து மிச்சம். பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

* ஜெயித்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள். யார் யாரெல்லாம் ஆடினீர்கள் என்றும் கேளுங்கள்.

எண்ணிக்கையில் வராத வெற்றி

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 12 மராத்தியக் கோட்டைகள் இடம்பிடித்தன. அவற்றில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி மட்டும்தான். கோட்டையைக் காப்பாற்ற இனி உலகமே துணை நிற்கும். கோட்டைக்கு வெளியே ஊருக்குள் இருக்கும் பள்ளி மைதானங்களைக் காப்பாற்ற யுனெஸ்கோ வராது. அது நம் வேலை.

கோச்சுகளின் வாழ்க்கையை வெற்றி, தோல்வி, கோப்பை என்று எண்ணிச் சொல்வது வழக்கம். அமெரிக்கக் கல்லூரி கோச்சுகளுக்கு அப்படித்தான் பட்டியல் போடுகிறார்கள். ஹாரி பக்குக்கு அப்படியொரு பட்டியல் போட்டால், பெரிதாக ஒன்றும் தேறாது. அவர் பாரீஸுக்கு அழைத்துப் போன அணி வெறுங்கையோடுதான் திரும்பியது. ஆனால், அவரிடம் படித்தவர்கள் ஆசிரியர்களானார்கள், அவர்களிடம் படித்தவர்களும் ஆசிரியர்களானார்கள். அப்படிக் கைமாறிக் கைமாறி வந்த ஒரு விசில், அவர் பெயரையே கேள்விப்படாத பள்ளிகளிலும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இன்று சாயங்காலம் பிள்ளை பள்ளிவிட்டு வந்ததும், மார்க் என்ன என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டுப் பாருங்கள்: ‘பி.டி. பீரியட்ல இன்னிக்கு என்ன விளையாடினே?’